கண்ணீரில்லா அழுகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஜேர்மனிய மாது ஒருவர் ஓவியக் கண்காட்சியொன்றைப் பார்வையிடச் சென்றார். ஆங்கே அவருடைய கலைக்கல்லூரிக் காலத்துத் தோழியின் சித்திரமொன்று வைக்கப்பட்டிருந்தது. அதனைக் கண்ட மாத்திரத்தில் அவர் திடுக்குற்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவ்விடத்தைவிட்டு அகன்றார். தோழியின் இளைய மகனுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்ற அச்சமே அவர் நெஞ்சை முதலிற் பற்றியது. அவ்வாறு ஏதும் நேராமல், ஒருவர் இத்தகைய சித்திரத்தை வரைதல் கூடுமோ என அவர் ஐயுற்றார்.

அந்த மாதின் பெயர் பெயாற்றே போனுஸ் யேப். சித்திரத்தை வரைந்த தோழி, 1867ஆம் ஆண்டிலே பிறந்து 1945ஆம் ஆண்டில் மறைந்த கேத்தே கொல்விற்ஸ் அம்மையார். சித்திரத்தின் பெயர், 'இறந்த பிள்ளையுடன் பெண்'. அது 1903ஆம் ஆண்டிலே உருவாயது.

உண்மையில் அம்மையாரின் இளைய மகன் பீற்றருக்கு அப்போது எத்தீங்கும் நேர்ந்திருக்கவில்லை. ஏழு வயதுச் சிறுவனாக அவன் நலமே வாழ்ந்துகொண்டிருந்தான். அவ்வாறாயின், அந்தச் சித்திரத்திற் காணப்படும் மரணம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடுவோமாயின், ஓவியமொன்றின் உணர்ச்சியையும் பொருளையும் எவ்வாறு கண்டுகொள்வது என்பதும் உடன் விளங்கும்.

கண் காண்பது

சித்திரமொன்றை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் செய்யும் முதற் பிழை, பார்க்குமுன்னரே பேசத் தொடங்குவதாகும். ஆதலின் நாம் கதையைச் சிறிதுநேரம் ஒருபுறம் வைத்துவிட்டு, கண் காண்பதை மாத்திரம் சொல்லிப் பார்ப்போம்.

ஏறத்தாழ ஒன்றரையடி அகலமும் அதனிற் சற்றுக் குறைந்த உயரமும் உடைய படம். ஒரு பெண் தரையிலே கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேனியில் ஆடையில்லை. உயிர் நீங்கிய சிறுவன் ஒருவனை வாரியெடுத்து, மடிக்கும் மார்புக்குமிடையே இறுக அணைத்திருக்கிறாள். அவன் தலை பின்னே சாய்ந்து கிடக்கிறது. கழுத்து மேனோக்கி நிற்கிறது. அவளோ தன் முகத்தை அவன் மார்பிலே புதைத்திருக்கிறாள். அவளுடைய முழங்காலும் தோளும் கையும் பாறைபோற் பருத்துப் படத்தை நிறைத்து நிற்கின்றன.

படத்தில் உள்ளனவற்றைப் போலவே இல்லாதனவற்றையும் எண்ணுதல் வேண்டும். கட்டிலில்லை, விளக்கில்லை, மருந்துப் போத்தலில்லை, ஆறுதல் கூற வந்த அயலாரில்லை. பிள்ளை எந்நோயால் இறந்தான், எவ்வூரில் இறந்தான் என்பதற்குச் சான்று எதுவுமில்லை. எல்லாவற்றிலும் வியப்பானது, ஒரு துளிக் கண்ணீர்தானும் இல்லை என்பதே. ஆயினும் இச்சித்திரத்தைக் கண்டவர் எவரும் அவள் அழவில்லையென்று சொல்லார். அவள் முதுகு அழுகிறது, முழங்கால் அழுகிறது, பிள்ளையைப் பற்றியிருக்கும் விரல்கள் அழுகின்றன.

மரணவீட்டிலே, 'எடுக்க நேரமாயிற்று' என்று பெரியவர்கள் சொல்லும் வேளையில், உடலை விடமாட்டேனென்று கட்டிக்கொள்ளும் தாயை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அந்த வேளையின் உடல்நிலையே இது. மடக்கிய கால்களும் வளைந்த கைகளும் பிள்ளையைச் சுற்றி ஒரு வேலியாகின்றன. மீண்டும் தன் வயிற்றினுள்ளேயே அவனை வாங்கிக்கொள்ள முயல்பவள்போல அவள் காணப்படுகிறாள். தோழியார் போனுஸ் யேப்பும், பின்னர் இச்சித்திரத்தைப்பற்றி எழுதியபோது ஏறக்குறைய இக்கருத்தையே கூறினார். தாயினுடைய நிலையை ஒரு விலங்கின் நிலையோடும் அவர் ஒப்பிட்டார். அது இகழ்ச்சியன்று. நாகரிகமும் நாணமும் கற்ற ஒழுக்கமும் கழன்று வீழ்ந்தபின், எஞ்சி நிற்கும் தாய்மையை அவர் அவ்வாறு சுட்டினார்.

அமிலம் எழுதிய கோடு

இவ்வுணர்ச்சி உருவத்தினால் மாத்திரம் பிறந்ததன்று. சித்திரம் செய்யப்பட்ட முறைக்கும் அதிற் பெரும்பங்குண்டு. ஆதலின் அம்முறையையும் சிறிது அறிதல் நன்று.

'எச்சிங்' என மேனாட்டார் வழங்கும் இக்கலையைத் தகட்டுச் சித்திரம் எனலாம். செம்பு அல்லது நாகத்தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சொன்றை மெல்லிதாகப் பரப்பி, அதன்மீது ஊசியினாற் கீறுவர். ஊசி சென்ற வழியெல்லாம் பூச்சு அகன்று உலோகம் வெளிப்படும். பின்னர் தகட்டை அமிலத்தில் இடும்போது, பூச்சு நீங்கிய கோடுகளை மாத்திரம் அமிலம் அரிக்கும். நெடுநேரம் அரிபட்ட கோடு ஆழமாகி, அச்சிலே கருமையாக விழும். சிறிதுநேரம் அரிபட்டது மெல்லிய நரைக்கோடாக நிற்கும். இறுதியிற் பூச்சைக் கழுவி நீக்கி, தகடெங்கும் மையைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்தால், கோட்டுப் பள்ளங்களில் மாத்திரம் மை தங்கும். நனைத்த கடதாசியை அதன்மேல் வைத்து அச்சுப்பொறியில் அழுத்தினால், பள்ளத்திலுள்ள மை கடதாசியில் ஏறிவிடும்.

கொல்விற்ஸ் அம்மையார் இவ்வொரு முறையோடு அமைந்தாரல்லர். ஊசியினால் உலோகத்தை நேரே கீறும் முறையையும் அவர் கையாண்டார். மணற்கடதாசியைக் கொண்டு தகட்டிலே கரடுமுரடான நிழலை உண்டாக்கினார். கொழுப்புச் சேர்ந்த மென்பூச்சின்மீது வரிகள் பொருந்திய கடதாசியை அழுத்தி, அதன் வரிகளையும் சித்திரத்திற் பதியச் செய்தார். தகட்டைத் திருத்துவதும் அச்சிட்டுப் பார்ப்பதும் மீண்டும் திருத்துவதுமாகப் பல படிகளைக் கடந்தே இச்சித்திரம் நிறைவெய்தியது.

இவற்றின் பயனை இப்போது நோக்குக. தாயின் கால்களிலும் தோளிலும் கோடுகள் ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கனக்கின்றன. உழைத்துக் காய்த்த தோல்போல அவை கடுமையாயுள்ளன. சிறுவனின் முகத்திலோ கோடு அடங்கிவிடுகிறது. நிழல் மெலிந்து, கடதாசியின் வெண்மையே ஒளியாக நிற்கிறது. உயிருள்ளவள் இருளிலும் உயிரற்றவன் ஒளியிலும் இருக்கிறார்கள். துன்பம் எவரிடத்திலுள்ளது, அமைதி எவரிடத்திலுள்ளது என்பதை ஒரு சொல்லுமின்றி மையும் கடதாசியுமே அறிவித்துவிடுகின்றன. வண்ணம் வல்லார் ஒருவர் இதனைச் சிவப்பாலும் நீலத்தாலும் தீட்டியிருப்பின் அழகு கூடியிருக்கலாம். இவ்வளவு கனம் இருந்திராது.

பெயரும் பொருளும்

உணர்ச்சியைக் கண்டோம், இனிப் பொருளை நாடுவோம். பொருளுக்குச் செல்லும் முதல் வாயில் சித்திரத்தின் பெயராகும்.

கத்தோலிக்க ஆலயங்களிலே, வியாகுல மாதாவின் மடியில் இயேசுநாதரின் திருவுடல் கிடக்கும் உருவத்தை வாசகர் பலர் கண்டிருப்பர். மேனாட்டுக் கலைஞர் பல நூற்றாண்டுகளாகப் படைத்துவரும் அவ்வடிவத்துக்குப் 'பியேற்றா' என்று பெயர். கொல்விற்ஸ் அம்மையார் அதே 1903ஆம் ஆண்டில், இதே பொருள்பற்றிக் கல்லச்சில் இயற்றிய சித்திரமொன்றுக்கு அப்பெயரையே இட்டார். தகட்டுச் சித்திரத்துக்கோ அவர் அதனை இடவில்லை. 'மரியாள்' என்றுமில்லை, 'தாய்' என்றுகூட இல்லை. வெறுமனே 'பெண்' என்றார்.

மரபுவழிப்பட்ட உருவத்திலே மாதா தன் மைந்தனின் உடலை உலகுக்குக் காட்டுகிறாள். நாம் வணங்கி நிற்கிறோம். இங்கே இப்பெண் எவருக்கும் எதனையும் காட்டவில்லை, மறைக்கிறாள். நாம் நிற்பது அவளுக்குத் தெரியாது. ஆதலின் இதன் முன்னே வணங்கவும் இயலாமல் விலகவும் இயலாமல் நிற்கிறோம். இத்தடுமாற்றம் கலைஞரின் குறையன்று. அவர் கருதிச் செய்ததென்றே தோன்றுகிறது.

ஆடையின்மைக்கும் இதுவே காரணமாதல் கூடும். பட்டாடை உடுத்தியிருந்தால் அவள் செல்வர் வீட்டுப் பெண். கந்தை உடுத்தியிருந்தால் ஏழை. தலைமறைவு ஆடை அணிந்திருந்தால் இன்ன காலத்தவள், இன்ன நாட்டவள் என்போம். உடை நீங்கியபோது இந்த வேலிகளெல்லாம் நீங்கின. பேர்ளினிலே பிறந்த சித்திரம் எந்த ஊர்த் தாய்க்கும் உரியதாகிவிட்டது.

கருணையும் அவலமும்

தமிழ் மாணவர் இவ்விடத்தில் ஒன்றை நினைவு கூரலாம். உள்ளத்து உணர்ச்சி உடலிலே வெளிப்படுவதை மெய்ப்பாடு என வகுத்த தொல்காப்பியர், எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையைக் கூறி, அதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களங்களையும் காட்டினார். நம் சித்திரத்திலுள்ளது இழவு பற்றிய அழுகை என்பது வெளிப்படை. உரையாசிரியர் பேராசிரியர் இன்னுமொரு நுட்பம் கூறினார். அழுகை இருவகைத்து. தன் துன்பத்துக்குத் தானே வருந்துவது ஒன்று, அஃது அவலம். பிறர் துன்பங்கண்டு வருந்துவது மற்றொன்று, அது கருணை.

சித்திரத்திலுள்ள பெண்ணின் அழுகை அவலம். அதனை வரைந்த கையின் அழுகை யாது? அதுவும் அவலமே என எண்ணித்தான் தோழியார் அன்று அஞ்சினார். ஆனால் அது கருணை என்பதற்கு அம்மையாரின் வாழ்க்கையே சான்று பகர்கின்றது.

1891ஆம் ஆண்டில் கேத்தே அம்மையார் மருத்துவர் கார்ல் கொல்விற்ஸை மணந்து பேர்ளினிற் குடியேறினார். தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், அவர்களுக்கே மருத்துவம் புரிந்தவர் கார்ல். நோயுற்ற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கு வந்த பெண்களை அம்மையார் நாடோறும் கண்டார். அவர்களுடைய துயர்களைக் கேட்டார். நெசவாளர் கிளர்ச்சிபற்றி அவர் இயற்றிய சித்திர வரிசை 1898ஆம் ஆண்டில் பேர்ளினிலே காட்சிக்கு வந்தபோது, நடுவர் குழு பொற்பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதற்கு இசைய மறுத்தார். அவ்வரிசையிலும், வறிய குடிலிலே நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே தலையைப் பற்றிக்கொண்டிருக்கும் தாய் ஒருத்தி இடம்பெற்றிருக்கிறாள்.

இன்னும் பின்னே சென்றால், அம்மையாரின் பிள்ளைப்பருவத்திலும் ஒரு மரணம் உண்டு. அவருடைய தம்பி பெஞ்சமின், குழந்தையாயிருந்தபோதே மூளைக்காய்ச்சலால் இறந்தான். அந்நோய்க்காலத்தில் ஒருநாள், தாய் உணவு பரிமாறிக்கொண்டிருக்கையில், பிள்ளையின் நிலை மீண்டும் மோசமாயிற்றென்ற செய்தி வந்தது. ஒருகணம் அசையாது நின்ற தாய், எல்லார் முன்னிலையிலும் அழ மனங்கொள்ளாதவராய்த் தொடர்ந்து பரிமாறினார். தாயின் உள்ளே நிகழ்ந்த துன்பத்தை மகள் உணர்ந்தாள்; பல ஆண்டுகளின் பின்னர் அதனை எழுதியும் வைத்தாள். அன்று தாய் வெளியே காட்டாத அழுகையே 1903ஆம் ஆண்டின் தகட்டிலே உடைத்துக்கொண்டு வந்தது என யான் கருதுகிறேன். இது என் ஊகம். வாசகர் ஏற்பினும் மறுப்பினும் அமையும்.

இனிச் சித்திரம் பிறந்த நேரத்துக்கு வருவோம். அம்மையார் கண்ணாடி முன்னே அமர்ந்து, மகன் பீற்றரைத் தம் கையில் ஏந்திக்கொண்டு, தம்மையும் அவனையும் பார்த்து வரைந்தார். ஏழு வயதுப் பிள்ளையைத் தாங்கிக்கொண்டே வரைவது எளிதன்று. களைப்பு மிகுந்து அவர் முனகியபோது, பிணமாக நடித்துக்கொண்டிருந்த மகன், கவலைப்படவேண்டாம், படம் அழகாகவே வரும் என்று தாயைத் தேற்றினானாம். இதனைத் தோழிக்கு அம்மையாரே தெரிவித்தார்.

சிந்தித்துப் பார்ப்போமாக. உயிரோடு வெதுவெதுப்பாக மடியிலிருக்கும் தன் பிள்ளையை, இறந்தவனாக எண்ணிப்பார்க்க எந்தத் தாய்க்கு மனம் துணியும்? நம்மவராயின், 'வாயிலும் வையாதே' என்று அதட்டியிருப்பர். அம்மையார் துணிந்தார். கணவரிடம் மருந்துக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிய பெண்களின் துயரை வெளியே நின்று பார்த்து வரைய அவர் விரும்பவில்லை. அதனைத் தம் மடியிலேயே ஏற்றுப் பார்த்தார். அதனாலேயே இச்சித்திரத்தில் இரக்கத்தின் போலித்தன்மை சிறிதுமில்லை.

பின்வந்த துயர்

இச்சித்திரத்தை இன்று காண்போரிற் பலர் வேறொரு பிழை செய்கின்றனர். அம்மையார் போரிலே மகனை இழந்தவர் என்பதை எங்கேனும் படித்துவிட்டு, இழந்த மகனை எண்ணியே இதனை வரைந்தார் என்று எளிதில் முடித்துவிடுகின்றனர். மகன் இறந்தது உண்மை. ஆனால் அது பதினோராண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது.

1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது பீற்றர் தானாகவே படையிற் சேர விரும்பினான். வயது குறைந்தவனாதலின் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. தந்தை மறுத்தார். மகனுக்காகத் தந்தையிடம் பரிந்து பேசியவர் தாயே. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே, பெல்ஜியத்திற் பீற்றர் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு 18 வயது.

இப்போது அவலமே வந்துவிட்டது. மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய அம்மையார் அவ்வாண்டிலேயே எண்ணினார். தொடங்குவதும் கைவிடுவதும் மீண்டும் தொடங்குவதுமாகக் காலம் கழிந்தது. 1932ஆம் ஆண்டிலேதான் 'துயருறும் பெற்றோர்' என்னும் இரு கற்சிலைகள் பெல்ஜியத்திலுள்ள போர்வீரர் மயானத்தில் நிறுவப்பட்டன. மகன் வாழ்ந்தது 18 ஆண்டுகள். சின்னம் நிறைவேறவும் ஏறத்தாழ அத்தனை ஆண்டுகளே சென்றன. கல்லறைகள் இடம் மாறியபோது சிலைகளும் மாறி, இன்று விளாட்ஸ்லோ என்னும் ஊரின் மயானத்தில் இருக்கின்றன.

அச்சிலைகளை 1903ஆம் ஆண்டின் சித்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் வாயடைத்துப்போவர். தந்தையும் தாயும் தனித்தனிப் பீடங்களில் முழந்தாளிட்டிருக்கின்றனர். தந்தை தம் கைகளைத் தம் மார்போடு இறுகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். தாய் போர்வையுள் ஒடுங்கித் தலைகவிழ்ந்திருக்கிறார். ஒருவரையொருவர் தொடவில்லை. இருவர் கையிலும் பிள்ளையில்லை. அணைத்துக்கொள்ள உடலும் இல்லாதபோது, கைகள் தம்மையே தாம் பற்றிக்கொள்ளுகின்றன.

கருணையால் எண்ணிப்பார்த்த துயர் கட்டுக்கடங்காது வெடித்தது; தாமே அடைந்த துயரோ கல்லாக இறுகியது. சித்திரத்தைப் பின்வந்த மரணத்தோடு சேர்த்துக் குழப்புவோர் இந்த வேறுபாட்டை ஒருபோதும் காணார். அன்றியும், அச்சித்திரத்தை வருவதுரைத்த ஓர் அபசகுனம் எனக் கொள்வோர், அம்மையார் அன்று பிறருக்காக அழுத அழுகையை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றனர்.

அவருடைய துன்பம் அத்தோடு முடியவில்லை. மறைந்த மகனின் பெயரையே பெற்ற பேரன் பீற்றரும் 1942ஆம் ஆண்டில் ருசியப் போர்முனையில் மாண்டான். அம்மையார் 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, ஐரோப்பாவிற் போர் முடிவதற்கு இரு வாரங்களுக்குச் சற்று முன்னர்க் கண்மூடினார். இறந்த மைந்தனை முழங்கால்களுக்கிடையே தாங்கியிருக்கும் முதிய தாயாக, முப்பதுகளின் இறுதியில் அவர் செய்த சிறு வெண்கலச் சிலையொன்று பெருப்பிக்கப்பட்டு, 1993ஆம் ஆண்டு முதல் பேர்ளினிலுள்ள தேசிய நினைவு மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பார்க்கும் முறை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, சித்திரம் பயிலும் மாணவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். முதலிற் பெயரையும் கதையையும் மறைத்துவிட்டுப் படத்தை மாத்திரம் நெடுநேரம் நோக்குக. உடல் எவ்வாறு வளைகிறது, கை எதனைப் பற்றுகிறது, ஒளி எங்கே விழுகிறது, என்னென்ன இல்லை என்பவற்றை எழுதிவைக்குக. அடுத்து, கோடும் நிழலும் எம்முறையால் வந்தன என வினவுக. அதன்பின்னரே பெயரைப் பார்க்குக. இறுதியாக ஆண்டையும் கலைஞரின் வாழ்க்கையையும் அறிந்து, முன்னர் எழுதியதைத் திருத்துக. இவ்வொழுங்கு மாறினால், கதை கண்ணை மறைத்துவிடும். நாம் சித்திரத்தைப் பார்ப்பதை விடுத்து, கேள்விப்பட்டதையே அதிற் பார்த்துக்கொண்டிருப்போம்.

உணர்ச்சியை அறியக் கண்ணும் நெஞ்சும் போதும். அதற்குக் கல்வி வேண்டியதில்லை. தோழியார் அன்று முகத்தைத் திருப்பியபோது, உணர்ச்சியை அவர் பிழையற உணர்ந்தார். பொருளில் மாத்திரமே தவறினார். தோழியிடம் கேட்டறிந்தபின் அத்தவறும் நீங்கியது. நமக்கோ கேட்பதற்குக் கலைஞர் இன்றில்லை. ஆண்டும் பெயரும் கோடுமே உள்ளன. அவற்றைப் பொறுமையோடு கேட்போமாயின் அவை பொய் சொல்லா.

அச்சித்திரத்தின் படியை எங்கேனும் நூலொன்றிற் காண நேர்ந்தால், அந்த இருண்ட தாயுருவத்தோடு இன்னுமொன்றையும் எண்ணிப் பார்க்குக. கண்ணாடி முன்னே அன்று அமர்ந்திருந்த தாயின் மடியில், பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்; இறந்தவனைப்போற் கிடந்தவாறே, களைத்த தாய்க்கு ஆறுதலும் சொன்னான்.